கடப்பு நேரம் மாறுகிறதா? முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள்

வியாழன் அளவுள்ள கோள், சூரியனைப் போன்ற தன் விண்மீனுக்கு முன்னால் கடந்துபோகும்போது விண்மீனின் ஒளி சுமார் 1 சதவீதம் மங்கும்; இதுதான் கடப்பு. அந்தக் கடப்பின் நடுநேரத்தை ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தால், கோளின் பாதை சுருங்குகிறதா என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். வேறொரு விண்மீனைச் சுற்றும் வாஸ்ப்-12பி கோளில் அப்படித்தான் தெரியவந்தது. 1.09 நாளில் ஒரு சுற்றை முடிக்கும் அதன் சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஏறக்குறைய 29 மில்லிவினாடி குறைகிறது. அற்பமாகத் தோன்றும், ஆனால் சுற்றுக்குச் சுற்று சேர்ந்து, 10 ஆண்டில் கடப்பு சுமார் 8 நிமிடம் முந்திவிடும்.

இந்த வேலையில் பலர் சறுக்குவது கடிகாரத்தில்தான். கணினி காட்டும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் அவ்வப்போது லீப் வினாடி (கூடுதலாகச் சேர்க்கப்படும் ஒரு வினாடி) நுழைகிறது. வானியலாளர்கள் பயன்படுத்தும், சீராக ஓடும் டிடிபி நேரத்தைவிட அது 2017 முதல் சுமார் 69 வினாடி பின்தங்கியிருக்கிறது. வாஸ்ப்-4பி கோளின் கடப்புகள் 2018இல் நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியில் ஏறக்குறைய 82 வினாடி முந்தித் தெரிந்ததுதான் பெரிய செய்தியானது. இரண்டு நேரமுறைகளைக் கலந்துவிட்டால் கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு பொய் மாற்றம் கிடைத்துவிடும், பாருங்கள்! பழைய தரவை எடுக்கும்போது அது எந்த நேரமுறை என்று தெரியாவிட்டால் சேர்க்காதீர்கள்.

பூமி நகர்வதால் ஒளி 8 நிமிடம்வரை முன்பின்னாக வந்து சேரும். அதைச் சூரியனின் மையத்துக்குத் திருத்தினால் போதாது. சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்குத் திருத்த வேண்டும். இரண்டுக்கும் 4 வினாடிவரை வேறுபாடு வரும். அப்புறம், 60 வினாடிப் படத்துக்குத் தொடக்க நேரத்தையே பதிந்தால் 30 வினாடி பிழை.

பாதிக் கடப்பை மட்டும் பிடித்து நடுநேரம் கணிப்பதும் ஆபத்தானது. வளிமண்டலத்தால் வரும் ஒளிச்சரிவும் விண்மீனின் மேற்பரப்பிலுள்ள கரும்புள்ளிகளும் நேரத்தை நகர்த்திவிடும், மென்பொருள் தரும் பிழை அளவோ நம்பமுடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கும். சுற்றுக்காலம் மாறாவிட்டால் கடப்பு நேரங்கள் வரைபடத்தில் நேர்கோட்டில் விழும்; அப்படியொரு தரவுப்புள்ளியே அந்த நேர்கோட்டை வளைத்துக் காட்டப் போதும். அதை எடுத்துவிட்டும் வளைவு நிற்கிறதா என்று பாருங்கள்.

சரி, வளைவு உண்மைதான் என்றே வைப்போம். உடனே ‘பாதை சுருங்குகிறது’ என்று எழுதிவிடக் கூடாது. நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்பினாலும் இதே வளைவு வரலாம். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும் நேரம்தான் இங்கே தீர்ப்புச் சொல்லும்: பாதை சுருங்கினால் கடப்பும் மறைவும் சேர்ந்தே முந்தும்; பாதை திரும்பினால் எதிரெதிராக விலகும். வாஸ்ப்-12பியில் மறைவின் ஒளி நம்மை அடைய 23 வினாடி கூடுதலாகும். அதைக் கழிக்க மறக்காதீர்கள். விண்மீனே நம்மை நோக்கி முடுக்கம் பெற்றாலும் கடப்புகள் முந்தும். வாஸ்ப்-4 அப்படி முடுக்கம் பெறுவதாக, ஆரத்திசைவேக அளவீடுகளை (விண்மீன் நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம்) வைத்து ஓர் ஆய்வு பிறகு கூறியது.

கடப்பு நேரங்கள் சில புள்ளிகளில் முன்பின்னாக அலைவது தெரிந்ததும் பக்கத்தில் இன்னொரு கோள் இருப்பதாக முடிவுகட்டுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. விண்மீனை ஒட்டிச் சுற்றும் இத்தகைய பெருங்கோள்களுக்கு நெருங்கிய அண்டைக்கோள் அரிது. வாஸ்ப்-47 விண்மீன் ஒரு விதிவிலக்கு. அங்கேயும் 2015இல் இரு சிறு அண்டைக்கோள்களைக் காட்டிக்கொடுத்தவை அவற்றின் சொந்தக் கடப்புகளே.