ஊர் பேரை மாத்தி மாத்தி போட்ட பக்கங்களை சைட்ல இருந்து தூக்குறது எப்படி

குமுளியில எங்க மாமா ஏலக்கா, மிளகு கடை வச்சிருக்கார். அவர் சைட்டை எஸ்இஓ பண்றோம்னு (கூகுள் தேடல்ல மேல கொண்டு வர்றோம்னு) வந்தவங்க "கம்பத்தில் ஏலக்காய்", "தேனியில் ஏலக்காய்", "மதுரையில் ஏலக்காய்"னு ஊர் பேரை மட்டும் மாத்தி ஒரே பாராவை ஏகப்பட்ட பக்கமா போட்டு வச்சுட்டாங்க, கடை இருக்கிறதோ குமுளியில மட்டும்தான். இதுக்கு பேர் டோர்வே பக்கம். கூகுளோட ஸ்பேம் பாலிசியில பேர் சொல்லியே கூடாதுன்னு இருக்கு, 2006லயே பிஎம்டபிள்யூவோட ஜெர்மன் சைட்டை இதுக்காக ரிசல்ட்ல இருந்து தூக்கினாங்க. மதுரையில கடை தேடுற ஆளை ஏமாத்தி உள்ள இழுக்கிற வேலை இது, எனக்கு இதுல துளியும் சம்மதம் கிடையாது. மாமா சைட்டை சரி பண்ணின வழிய அப்படியே சொல்றேன்.

ஸ்டெப் 1. சர்ச் கன்சோல்ல (சைட் வச்சிருக்கவங்களுக்கு கூகுள் இலவசமா தர்ற டூல்) மேனுவல் ஆக்ஷன்ஸ், அதாவது கூகுள் ஆளுங்களே பாத்து போட்ட தண்டனை, இருக்கான்னு பாருங்க. அங்க எதுவும் இல்லைன்னா ரீகன்சிடரேஷன் (சரி பண்ணிட்டோம், திரும்ப பாருங்கன்னு கேக்குற மனு) அனுப்ப வழியே இல்ல, சரி பண்ணிட்டு கூகுள் திரும்ப வந்து பாக்குற வரைக்கும் காத்திருக்கணும். "பெனால்ட்டி எடுத்து தர்றோம்"னு போன் வந்தா காசு குடுக்காதீங்க. காசு கட்டுற டூல் எதுவும் இதுக்கு தேவையில்ல, சர்ச் கன்சோலே போதும்.

ஸ்டெப் 2. பக்கத்தை திறந்து கன்ட்ரோல் ஏ அமுக்குங்க, வெள்ளை மேல வெள்ளையா ஒளிச்சு வச்ச எழுத்து இருந்தா தெரிஞ்சிடும், அழிச்சிடுங்க. மெட்டா கீவேர்ட்ஸை (பக்கத்தோட கோடுக்குள்ள எழுதி வைக்கிற தேடல் வார்த்தைகள்) ரேங்கிங்குக்கு பாக்குறதில்லன்னு கூகுள் 2009லயே சொல்லியாச்சு, அதுல நேரத்தை வீணாக்காதீங்க.

ஸ்டெப் 3. இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. ஊர் பக்கம் எல்லாத்தையும் ஒரே ஏலக்கா பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பழைய அட்ரஸ்க்கு வர்றவங்களை நிரந்தரமா புது அட்ரஸ்க்கு அனுப்புறது) பண்ணுங்க, வேர்ட்பிரஸ்னா ரீடைரக்ஷன் பிளகினே எனக்கு பிடிச்சது. ஆனா அதே பக்கங்களை ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டியில (எந்த பக்கத்துக்குள்ள வரக்கூடாதுன்னு கூகுளுக்கு சொல்ற ஃபைல்) பிளாக் பண்ணிடாதீங்க. பிளாக் பண்ணினா கூகுள் அந்த பக்கத்துக்குள்ள வரவே வராது, வராம ரீடைரக்ட் இருக்கிறது எப்படி தெரியும், நோஇண்டெக்ஸ் (இந்த பக்கத்தை ரிசல்ட்ல காட்டாதேன்னு சொல்ற குறிப்பு) போட்டிருந்தாலும் இதே கதைதான், பழைய அட்ரஸ் ரிசல்ட்ல அப்படியே கிடக்கும். முதல்ல பிளாக்கை எடுங்க, அப்புறம் சர்ச் கன்சோல்ல இருக்கிற யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன்ல லைவ் டெஸ்ட் போட்டு கூகுளால உள்ள வர முடியுதான்னு பாத்துக்கோங்க.

ஸ்டெப் 4. இப்ப அந்த ஒரு பக்கத்தை எழுதணும். கடைக்காரரை பேச விட்டு எழுதுங்க. 8 எம்எம் காய்க்கும் சின்ன காய்க்கும் விலை ஏன் வேற, போடியில நடக்கிற ஏலக்கா ஏலத்துல விலை ஏறி இறங்கினா கடையில என்ன ஆகும், பச்சை நிறம் மங்காம இருக்க எப்படி காத்து புகாம, வெளிச்சம் படாம வைக்கணும், இதெல்லாம் மாமா வாயாலயே வந்தது. வாங்க வர்றவங்க கேக்குற கேள்வியும் இதுதான்.

அப்டேட்: கமெண்ட்ல கேட்டிருந்தீங்க, தமிழ்லயும் மலையாளத்துலயும் ஒரே பக்கம் இருந்தா டூப்ளிகேட்டான்னு. இல்ல, நம்ம பார்டர் கடைங்களுக்கு ரெண்டும் அவசியம், ஹெச்ரெஃப்லாங் (ஒரே பக்கத்தோட வேற மொழி பதிப்பு எதுன்னு கூகுளுக்கு சொல்ற கோடு) போட்டு ரெண்டையும் இணைச்சிடுங்க. மிஷின் டிரான்ஸ்லேஷனை அப்படியே ஒட்டாம மலையாளம் நல்லா தெரிஞ்சவங்க ஒருத்தர் படிச்சு திருத்தணும்.

இன்னொரு அப்டேட்: ஏஐ வச்சு எழுதினாலே தப்புன்னு இல்ல. ரேங்க் வாங்குறதுக்காகவே பிரயோஜனம் இல்லாத பக்கங்களை குவிக்கிறதைத்தான் 2024 மார்ச்ல ஸ்பேம் பாலிசியில சேத்தாங்க, அதை மனுஷன் எழுதினாலும் தப்புதான். காசு குடுத்து விளம்பரமா லிங்க் வாங்குறீங்கன்னா அதுல ரெல் ஸ்பான்சர்டு (இது காசு குடுத்த லிங்க்னு கூகுளுக்கு சொல்ற குறிப்பு) போடச் சொல்லுங்க, மாட்டேன்னா அந்த லிங்க் வேண்டாம்.