அத்தை வீட்டு டிவிடி பிளேயரும் மூன்று விசிடியும்: புதிதாக வீடியோ எடிட் பண்ணுகிறவர் எந்த மென்பொருளை எடுப்பது?

கோவில்பட்டி அத்தைக்கு யூடியூப் வேண்டாம், பென்டிரைவும் வேண்டாம். டிவிக்குக் கீழே, பூப்போட்ட துணியால் மூடிய டிவிடி பிளேயர் ஒன்று இருக்கிறது. வட்டைத் தள்ளினால் அதில் படம் வரணும், அவ்வளவுதான். அவர் மகள் கல்யாணம் 2002-இல் நடந்தது. ஸ்டூடியோக்காரர் மூன்று விசிடியாக (டிவிடிக்கு முந்தைய வீடியோ சிடி) கொடுத்திருந்தார், அதில் இரண்டாவது நடுவிலேயே திக்கி நின்றுவிடும். "ஏலே, நீ கம்ப்யூட்டர்லதான வேலை பாக்க, இதச் சரி பண்ணிக் குடு" என்றார். நான் கணக்கு எழுதுகிறவன். வீடியோ எடிட்டிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அதுவரை தெரியாது.

மென்பொருள் தேடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: பார்க்கப் போகிறவர் எதில் பார்ப்பார்? கைபேசியிலோ புது டிவியிலோ என்றால் டிஸ்க்கே தேவையில்லை. வெட்டி ஒட்டி எம்பி4 கோப்பாக எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. பழைய டிவிடி பிளேயர் என்றால்தான் அடுத்த பாடு. எம்பி4 கோப்பை அப்படியே வெற்று டிவிடியில் காப்பி செய்தால் அது டேட்டா டிஸ்க். கம்ப்யூட்டரில் திறக்கும், பிளேயரோ பெரும்பாலும் கைவிரித்துவிடும். பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக்-2 வடிவில், வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் அடுக்கிய கோப்புகளை. இது தெரியாமல் நான் இரண்டு வட்டைக் குப்பையில் போட்டேன்.

அடுத்து நான் செய்த தப்பு, எல்லாவற்றையும் செய்யும் ஒரே மென்பொருளைத் தேடியது. விண்டோஸ் 7 காலத்தில் மூவி மேக்கரில் வெட்டி, டிவிடி மேக்கரில் டிஸ்க் போடலாம். விண்டோஸ் 8-இல் டிவிடி மேக்கர் காணாமல் போனது. மூவி மேக்கரை 2017 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ஆப்பிளின் ஐடிவிடி கதையும் அதேதான். விண்டோஸ் 11-உடன் வரும் கிளிப்சாம்ப் வெட்டுவதற்கு நன்றாகவே இருக்கிறது, ஆனால் டிஸ்க் போடாது. அதனால் பழைய ஆலோசனைகளைப் படித்துவிட்டு அந்தப் பெயர்களைத் தேடி அலையாதீர்கள்.

தேடலில் முதலில் வந்த 'இலவச' மென்பொருள் ஒன்றை இறக்கினேன். பேர் வேண்டாம். பார்க்க அழகு, இழுத்துப் போட்டால் வேலை நடந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க வெட்டி, இரவு ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை நெஞ்சுக்குக் குறுக்கே அவர்கள் முத்திரை. எடுக்கணும் என்றால் பணம் கட்டணுமாம். ஆகவே எதை இறக்கினாலும் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்: வெட்டி, கோப்பாக எடுத்து, டிஸ்க்கில் போட்டு, அந்தப் பிளேயரிலேயே சொருகி. முத்திரை, நேர வரம்பு, ஓடாத வடிவம் எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும். சோதனைக்கு டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்று வாங்கினால் அழித்து அழித்து எழுதலாம். பிளேயர் அதைப் படிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வேலையை இரண்டாகப் பிரித்தேன். வெட்ட ஷாட்கட், டிஸ்க்குக்கு டிவிடி ஸ்டைலர். இரண்டும் உண்மையிலேயே இலவசம், திறந்த மூலம், முத்திரை கிடையாது. ஓப்பன்ஷாட் இன்னும் எளிது என்பார்கள், அதுவும் சரியே. டாவின்சி ரிசால்வ் பெரிய ஆட்களுக்கு. அதன் இலவசப் பதிப்பே என் லேப்டாப்பை மூச்சுத் திணற வைத்தது.

விசிடியை கம்ப்யூட்டரில் திறந்தால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் டிஏடி என்று முடியும் கோப்புகள் இருக்கும். முதலில் அவற்றை ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள், வட்டிலிருந்து நேராக வேலை பார்க்காதீர்கள். விஎல்சியில் (வீடியோ ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஓடினால் கோப்பு நல்ல நிலையில் இருக்கிறது. எடிட்டர் ஏற்க மறுத்தால் ஹேண்ட்பிரேக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். எங்கள் திக்கும் வட்டு மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைத்தும் காப்பி ஆகவில்லை. சம்பந்தி வீட்டில் அதே விசிடி பிரிக்காத உறையோடு கிடந்தது. மென்பொருளைவிட ஒரு போன் கால் உதவியது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: விசிடி படம் வெறும் 352க்கு 288 புள்ளிதான். டிவிடியாக மாற்றினால் தெளிவு கூடாது.

ஷாட்கட்டில் நான் கற்றுக்கொண்டது மூன்றே விஷயம். செட்டிங்ஸில் வீடியோ மோடை எஸ்டி பால் (SD PAL, நம் ஊர் பழைய டிவி முறை) என்று வைப்பது. எஸ் விசையைத் தட்டினால் நிற்கும் இடத்தில் துண்டாகும். வேண்டாத துண்டைத் தேர்ந்து எக்ஸ் தட்டினால் அது போய், பின்னால் உள்ளது நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். அசல் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. நூறு எஃபெக்ட் இருக்கிறது என்று விளம்பரப்படுத்தும் மென்பொருளை நம்பி வாங்காதீர்கள். ஸ்டூடியோக்காரர் மிக்ஸிங்கில் போட்ட இதய வடிவமும் ரோஜா இதழ் மழையுமே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

எதை வெட்டுவது என்பதில்தான் நான் தடுமாறினேன். மேடையில் வரிசையாக வந்து கவர் கொடுத்து போட்டோ எடுக்கும் காட்சி மட்டும் ஐம்பது நிமிடம். முழுசாகத் தூக்கிவிட்டு அத்தையிடம் காட்டினேன். "அதுலதானடா எல்லாரும் இருக்காங்க" என்றார். மாமா அந்த வரிசையின் ஓரத்தில் நின்று வருகிறவர்களைச் சாப்பிடக் கைகாட்டிக்கொண்டே இருக்கிறார். திரும்பச் சேர்த்தேன். கேமராவை அணைக்க மறந்து தரையைப் படம்பிடித்தது, நாதஸ்வரத்தை மூடிப் போட்ட சினிமாப் பாட்டு நீண்டது, பந்தியில் ஒரே இலையை நான்கு தரம் காட்டியது ஆகியவற்றை மட்டும் எடுத்தேன். மூன்று மணி நேரப் படம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது.

இந்த இரண்டு மணிக்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி கொள்ளும். இரண்டு மணி நேரப் படத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் கிடைக்கும், அது நன்றாக இருக்கும். மூன்று மணியை ஒரே டிஸ்க்கில் திணித்தால் மூன்றரைக்கு இறங்கும், கூட்டமான காட்சிகளில் கட்டம் கட்டமாக உடையும். அதற்கு இரண்டு டிஸ்க் போடுவதே மேல்.

டிவிடி ஸ்டைலர் திறந்ததும் சில கேள்வி கேட்கும். டிவி முறை என்றால் நம் ஊருக்கு பால், அமெரிக்க முறையான என்டிஎஸ்சி அல்ல. படத்தின் அகல உயர விகிதம் பழைய வீடியோவுக்கு 4:3. தவறி 16:9 கொடுத்தால் மணமகள் முகம் அகண்டுவிடும். பிட்ரேட்டை (மேலே சொன்ன நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு) ஆட்டோவிலேயே விடுங்கள். மெனுவில் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டாமல், 'முகூர்த்தம்', 'மேடை', 'பந்தி' என்று எழுதிய படம் ஒன்றைத் தனியாகச் செய்து பின்னணியாக வைத்து, அதன் மேல் பொத்தான்களைப் பொருத்தினேன். எந்த நிமிடத்தில் எந்த அத்தியாயம் என்று குறித்துவிட்டால் அத்தை ரிமோட்டிலேயே தாவலாம்.

நேராக டிஸ்க்கில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிஸ்க்கும் ஒரே கோப்பில்) எடுங்கள். அதை விஎல்சியில் ஓட்டி மெனு சரியா என்று பார்த்தபின் வட்டைப் போடுங்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பி டிவிடி ரைட்டர் கிடைக்கிறது. எழுதும் வேகம் கேட்டால் 4 அல்லது 8, அதற்கு மேல் வேண்டாம். எழுதியதைச் சரிபார்க்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். வட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள்.

அத்தைக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு டிஸ்க் போட்டேன். அசல் டிஏடி கோப்புகளும் வெட்டிய எம்பி4-உம் என் ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. மணப்பெண்ணுக்கு மட்டும் எம்பி4 அனுப்பினேன், அவள் வீட்டில் டிவிடி பிளேயரே இல்லை.