பாம்பென்றால் பாவம், பறவையென்றால் விடுதலையா?

மெக்சிகோ பெண்களும், அமெரிக்காவில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களும் படைத்த படங்களில் ஒரு விலங்கு தென்பட்டால் போதும், அகராதியைப் புரட்டியது போல அர்த்தம் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பாகப் போவது இங்கேதான்.

ஓவியர் யோலாண்டா லோபெஸ் 1978-ல் தன்னையே குவாதலூப்பே மாதாவாக, அதாவது மெக்சிகோ மக்கள் கும்பிடும் மரியன்னையாக, வரைந்ததைப் பாருங்கள். ஷூ போட்டுக்கொண்டு ஓடி வருகிறார், ஒரு கையில் நட்சத்திரப் போர்வை, இன்னொரு கையில் பாம்பு. ஏவாள் கதையை மட்டும் மனதில் வைத்திருந்தால் ‘தீமையை அடக்கிய பெண்’ என்று முடித்துவிடலாம். ஆனால் 1790-ல் மெக்சிகோ நகரத்தில் கிடைத்த கோவாட்லிக்குவே சிலையை அறிந்தவர்களால் அவ்வளவு சுலபமாக முடிக்க முடியாது, ஏனென்றால் ஸ்பானியர் வருவதற்கு முன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகளின் அந்தத் தாய்த்தெய்வம் உடுத்தியிருக்கும் பாவாடையே பின்னிக்கிடக்கும் பாம்புகள்தான். அதே வரிசையில் லோபெஸ் தன் பாட்டியையும் வரைந்திருக்கிறார். அங்கே பாம்பு வெறும் உரித்த தோல், பாட்டி கையில் கத்தி. இதற்கும் அதே அர்த்தம்தானா?

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ விஷயத்தில் தவறு வேறு மாதிரி. அவர் எதை வரைந்தாலும், இளவயதில் அவர் சிக்கிய பஸ் விபத்து, வலி, கண்ணீர் என்றே எழுதுவார்கள். 1946-ல் வரைந்த காயம்பட்ட மானின் உடம்பில் ஒன்பது அம்புகள், வலி இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பெண்முகத்துக்கு மேலே ஆண்மானின் கொம்புகள் முளைத்திருப்பதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? 1940-ன் சுயஓவியத்தில் முள்மாலையில் தொங்கும் ஹம்மிங்பேர்ட் என்ற சின்னஞ்சிறு பறவை செத்துப்போனது; மெக்சிகோவில் அது காதல் வசியப் பொருள், அஸ்டெக் போர்க்கடவுளின் பறவையும்கூட. விடுதலையை எங்கிருந்து கொண்டுவந்தார்களோ!

அப்புறம், லோபெஸ், ஃப்ரீடா இருவரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஃப்ரீடாவுக்கு அஸ்டெக் அடையாளம் புரட்சிக்குப் பிந்தைய மெக்சிகோவின் தேசப் பெருமை. சான் டியேகோவில் பிறந்த லோபெஸுக்கு அது சிக்கானோ இயக்கத்தின், அதாவது அமெரிக்காவில் உரிமை கேட்ட மெக்சிகோ வம்சாவளியினர் இயக்கத்தின், அரசியல்.

கடைசித் தவறு, எல்லாவற்றிலும் தெய்வத்தைத் தேடுவது. மெக்சிகோ புகைப்படக் கலைஞர் கிராசியேலா இத்துர்பிடே 1979-ல் அந்நாட்டின் ஓஹாகா மாநிலத்து ஹுச்சித்தானில் எடுத்த புகைப்படத்தில், சபோடெக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் தலையில் இகுவானாக்கள் (பெரிய ஓணான் வகை) கிரீடம் போல நிற்கின்றன. உடனே ‘ஆதித்தாய்’ என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பெண் சந்தையில் விற்கத்தான் உயிருள்ள இகுவானாக்களைத் தலையில் சுமந்து வந்தார். அந்த ஊரில் அவை சாப்பாட்டுக்கு.