பதின்பருவப் பிள்ளைகளோடு பணியாற்ற வருகிறீர்களா?

உளவியல் முதுகலை முடிக்கும் மாணவிகள் பலர், பள்ளிப் பிள்ளைகளுக்கான மனநலப் பணிக்கு எப்படி வருவது என்று என்னிடம் கேட்கிறார்கள்.

முதுகலைப் பட்டத்தோடு பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ ஆலோசகராகச் சேரலாம். மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பும், அங்கே பதிவும் தேவை. கல்லூரியின் பெயர் மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்துக்குத் தனித் துறையே உண்டு. பயிற்சிக்கு இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

நான் அதிகம் வலியுறுத்துவது முதல் சந்திப்பைத்தான். ஒன்பதாம் வகுப்புப் பையனை அம்மா அழைத்து வருவார். எல்லாவற்றையும் அவரே பேசுவார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவரை வெளியே அமரச் சொல்லுங்கள். பிறகு பையனிடம், "நீ சொல்வது என்னோடு இருக்கும். உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், யாராவது உன்னிடம் தவறாக நடந்திருந்தாலும் மட்டும் பிறரிடம் சொல்லியாக வேண்டும்" என்று அவன் பேசத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19, அத்தகைய குற்றம் பற்றிக் காவல்துறைக்குத் தகவல் தருவதைக் கட்டாயமாக்குகிறது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால், அந்தப் பிள்ளை இன்னொரு பெரியவரை நம்புவது கடினம்.

"என்ன பிரச்சினை?" என்றால் "ஒன்றுமில்லை" என்பான். "நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து சொல்லப்பா" என்று கேளுங்கள். விடியற்காலை டியூஷன், சாப்பிடாமல் திரும்பி வந்த டிபன் பாக்ஸ், இரவு இரண்டு மணி வரை கைபேசி என ஒவ்வொன்றாக வரும். பிள்ளையின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களை அறிய உதவும் எஸ்.டி.கியூ. என்ற 25 வாக்கியக் கேள்வித்தாள் பயனுள்ளதுதான். ஆனால் எடுத்த எடுப்பில் அதை நீட்டாதீர்கள், பிள்ளைக்கு அது இன்னொரு பரீட்சை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பெற்றோரையும் மனநல மருத்துவரையும் அன்றே இணையுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

வேலைக்கான நேர்காணலில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: எனக்கு வழிகாட்டும் மூத்த உளவியலாளர் யார், அவசரத்துக்கு எந்த மருத்துவரிடம் அனுப்புவது? இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்தில் சேராதீர்கள்.