பள்ளி மானியம்: வாங்கிய பிறகு பில்லை நீட்டாதீர்கள்

குடியாத்தம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் சேர்ந்த முதல் வருடம், வேலூர் லாங் பஜாருக்குப் போய் மணிச்சட்டம், சார்ட், ஸ்கெட்ச் பேனா எல்லாம் கைக்காசில் வாங்கிவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பில்லை நீட்டினால், "தீர்மானம் எந்தத் தேதி டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர். தீர்மானமே இல்லை. பணமும் வரவில்லை.

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான். அரசு பள்ளிக்குத் தரும் மானியத்தைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத்தான் செலவு செய்ய முடியும். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மானியச் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பை 2009 கல்வி உரிமைச் சட்டமே அவர்களிடம் கொடுத்திருக்கிறது. அதனால் முதலில் கூட்டத்தில் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும், அப்புறம் கடைக்குப் போங்கள். கூட்டத்தில் நாம் வாய் திறக்காவிட்டால் வெள்ளையடிப்பதும் குழாய் ரிப்பேரும் முந்திக்கொள்ளும். "வகுப்புக்குச் சாமான் வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் உதவாது. "இரண்டாம் வகுப்புக்கு மணிச்சட்டம் நான்கு" என்று எழுதிக் கொடுங்கள். அப்படிக் கேட்டபோது எந்தப் பெற்றோரும் என்னிடம் மறுத்ததில்லை.

ஆசிரியருக்கு வருடம் 500 ரூபாய் தனியாக வரும் என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சர்வ சிக்ஷா அபியான் என்ற பழைய கல்வித் திட்டத்தின் காலத்துக் கதை. 2018இல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டம் வந்தபிறகு, மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிக்கு மொத்தமாக ஒரு தொகை: 30 பேர் வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம்.

எனக்கு வயிறெரிவது இந்த இடத்தில்தான். நூறு பிள்ளைகள் என்றால் 25,000, நூற்றொன்று என்றால் 50,000. செங்கல் சூளைக்குப் போன குடும்பம் ஊர் திரும்பியிருக்கும், பிள்ளையும் வகுப்பில் உட்கார்ந்து படிக்கும், ஆனால் மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளமான எமிஸில் பெயர் ஏறியிருக்காது. அந்த ஒரு பெயரை ஏற்றாமல் விடுவதால் மொத்தப் பள்ளிக்கும் எவ்வளவு நஷ்டம் பாருங்கள்! வருகைப் பதிவேட்டையும் எமிஸையும் மாதாமாதம் ஒத்துப் பாருங்கள்.

வரும் தொகையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. 25,000 வந்தால் 2,500 ரூபாயை அதற்கு எடுத்துவைத்துவிட்டு மீதிக்குக் கணக்குப் போடுங்கள்.

மார்ச் வரை தள்ளிப்போடுவது அடுத்த தவறு. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, செலவாகாத பணத்தை நம்பி உட்கார முடியாது. பணம் சில வருடம் தாமதமாகத்தான் வருகிறது. 2024-25இல் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கான தன் பங்கை நிறுத்தியே வைத்தது. பட்டியலும் தீர்மானமும் ஜூனிலேயே தயாராக இருந்தால், பணம் வந்த வாரமே வாங்கிவிடலாம்.

பில்லைப் பற்றி ஒன்று. உங்கள் பெயரில் வேண்டாம், பள்ளியின் பெயரில் கேளுங்கள். "ஸ்டேஷனரி" என்று ஒரே வரியில் எழுதினால் வாங்காதீர்கள், பொருள் வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சாமான் வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.