வீட்டுப் பூந்தோட்டத்தில் முகப்படம் எடுக்கப் பழகுவோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் முகப்படம் எடுக்கப் பழகுவோருக்கு விலையுயர்ந்த கேமராவைவிட நல்ல நிழலே முதலில் தேவை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே வெயில் விரைவாக உச்சிக்கு ஏறிவிடுகிறது. காலை 8 மணி முதல் 9.30 வரை எடுப்பது நல்லது. மாலை வெளிச்சமும் அழகுதான், ஆனால் மழை குறுக்கிடக்கூடும்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ரம்புத்தான் மரத்தடி கண்ணுக்கு அழகாக இருந்தாலும், இலை இடுக்குகளில் ஒழுகும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழும். அதைவிட, தகரக் கூரையிட்ட வாசலில் நிழல் முடியும் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே மாடலை நிறுத்தி, திறந்த வானத்தை நோக்கி மெல்ல இடமும் வலமும் திரும்பச் சொல்லி, அவருடைய கண்களை மட்டும் கவனியுங்கள். கருவிழியில் வானத்தின் வெண்மை சிறு கீற்றாகத் தெரியும்போது, "அப்படியே நில்லுங்க அக்கா, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொன்னால் போதும். வெளிச்சம் சரியாக அமைந்துவிட்டால் மற்றவை எளிது என்பதால், இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

அடுத்து, பச்சைச் சாயலை நீக்க வேண்டும். புல்தரையில் பட்டு எழும் வெளிச்சம் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பச்சையாகப் படியும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை மணிலா அட்டையை மாடலின் இடுப்பளவில் ஒருவர் சாய்த்துப் பிடித்தால், அந்தப் பச்சை குறைவதோடு கண்ணுக்குக் கீழுள்ள கருநிழலும் தெளியும்.

இனி கேமரா. 50 அல்லது 85 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8 துளை (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பின் அளவு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 200, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல் என்று தொடங்குங்கள். காகிதப்பூச் செடி மாடலுக்குப் பின்னால் மூன்று மீட்டராவது தள்ளி இருந்தால் பின்னணி மென்மையாகக் கலங்கும். பின்னால் செம்பனைகளின் கரும்பச்சை நிறைந்திருந்தால், தானியங்கி முறையில் கேமரா படத்தை அளவுக்கு மீறி வெளிச்சமாக்கி நெற்றியை வெளிற வைத்துவிடும். அப்போது கேமராவிலுள்ள ஒளியளவுத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) −0.7 ஆக்குங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை எடுத்து வந்தவுடன் லென்ஸில் ஆவி படியும் என்பதால், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள்.

குவியம் (ஃபோகஸ்) எப்போதும் உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் இருக்கட்டும். சில படங்கள் எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, இமைமுடிகள் தனித்தனியாகத் தெரியவில்லை என்றால் துளையை எஃப்/4 ஆகச் சுருக்கி மீண்டும் எடுங்கள்.