திற்பரப்பில் பிள்ளைகளோடு ஒரு நாள்

வாட்டர் பார்க்கில் டிக்கெட் எடுத்தால் தண்ணீர் உறுதி, மோட்டார் பார்த்துக்கொள்ளும். குமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவியில் மோட்டாரின் இடத்தில் பேச்சிப்பாறை அணை இருக்கிறது. ஆகவே முதலில் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். வண்டி, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு.

நாளிதழ்களின் குமரி மாவட்டப் பக்கத்தில் அணை மட்டம் வந்துவிடும். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி. 42 அடியை நெருங்கினாலே வெள்ள அபாய எச்சரிக்கை. மேலும் மழை பெய்தால் உபரிநீரைக் கோதையாற்றில் திறந்துவிடுவார்கள். அது வந்து விழும் இடம்தான் அருவி. திறந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் பெருஞ்சாணி கணக்கை (முழு மட்டம் 77 அடி) பார்த்துக் குழம்ப வேண்டாம். அது பரளியாற்று அணை, அருவிக்கு அதோடு தொடர்பில்லை.

நாகர்கோவிலில் வெயில் அடிக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். மழை பெய்வது மலையில். நம் மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. பெருமழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் கலங்கல் தெளிந்திருக்கும், வீழ்ச்சியும் நன்றாக இருக்கும். ஏப்ரல், மே விடுமுறையில் தண்ணீர் மெலிந்து கூட்டம் தடித்துவிடும். ஐயப்ப சீசன் ஞாயிறுகளையும் தவிர்க்கலாம். சிவராத்திரிக்கு வேண்டவே வேண்டாம்: சிவராத்திரியையொட்டி பக்தர்கள் ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் மூன்றாவது அருவிக்கரையிலுள்ள மகாதேவர் கோயில்தான். அந்த இரண்டு நாளும் சாலை ஓடுகிறவர்களுக்கு.

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குலசேகரம் வழியாகக் காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். காலை 6.30-க்குக் கிளம்பினால் கூட்டம் கூடுவதற்குள் ஒரு குளியல் முடிந்துவிடும். பஸ் என்றால் குலசேகரத்தில் மாறிக்கொள்ளலாம். ரப்பர் தோட்டங்களுக்கிடையே சாலை வளைந்து வளைந்து போகும். பூரி, புரோட்டா தின்றுவிட்டு ஏறிய பிள்ளை குலசேகரத்துக்கு முன்பே வாந்தி எடுக்கும். இரண்டு இட்லி போதும், மிச்சப் பசிக்கு அங்கே போய் ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) கொடுக்கலாம்.

இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி என்றால் இவ்வளவு தேவைப்படும்: துவர்த்து (துண்டு) ஆறு, ஆளுக்கு இரண்டு செட் உடுப்பு, ஈரத்துணிக்குப் பெரிய பிளாஸ்டிக் பை இரண்டு, குடிதண்ணீர் ஐந்து லிட்டர், ஒரு பிளாஸ்க் சுக்கு காப்பி. குளிக்கும் உடுப்பு நைலான் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும், காற்றடித்தால் உடம்பிலேயே குளிரும். நிறம் ஆரஞ்சு அல்லது மஞ்சள். நீலமும் பச்சையும் போட்ட பிள்ளையைக் கூட்டத்திலும் தண்ணீரிலும் தேடுவது பெரும்பாடு. வார் வைத்த செருப்பு நல்லது. தேய்ந்த ரப்பர் செருப்பு பாசிப்பாறையில் வெறுங்காலை விட மோசம்.

நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் கழன்றது கரையேறிய பிறகுதான் தெரியும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உடைக்குள் ஊக்கு போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் உடை மாற்றும் அறையின் வாசலைக் காட்டி, “காணாமல் போனால் இங்கே வந்து நில்லு” என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். பெரியவர்களில் ஒருவர் எப்போதும் நனையாமல் கரையில் நிற்க வேண்டும், அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாறலாம். செல்போன், சாவி, பை எல்லாம் அவர் பொறுப்பு. பாட்டி உட்கார்ந்திருக்கிறாரே என்று அவரிடம் நான்கு பையையும் இரண்டு பிள்ளைகளையும் ஒப்படைப்பது வழக்கமாக நடக்கிற தப்பு.

அருவி ஏறக்குறைய 50 அடி உயரத்திலிருந்து விழுகிறது. நேராக உச்சந்தலையைக் கொடுக்காமல் முதுகையும் தோளையும் கொடுங்கள். கம்பியைப் பிடித்தபடி ஓரமாக நுழைந்து, உடம்பு பழகிய பிறகு நடுவுக்குப் போகலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை அருவியில் நிறுத்தவே வேண்டாம். அவர்களுக்குச் சிறுவர் நீச்சல் குளம் இருக்கிறது, உண்மையில் நாளின் பெரும்பகுதி அங்கேதான் கழியும். நீங்கள் முதலில் இறங்கி ஆழம் பார்த்த பிறகு இறக்குங்கள். பத்து வயது வரை ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றி உதட்டைப் பாருங்கள். நீலம் பாரித்திருந்தால், பல் கிட்டினால், துவட்டி வேறு உடுப்பு போட்டு உட்காரவையுங்கள். “குளிரல” என்று பிள்ளை சொல்வதை நம்பக் கூடாது.

பாறையில் கரும்பச்சையாக மினுங்குவது பாசி. அதில் குதிகாலை முதலில் ஊன்றினால் வழுக்கும். பாதம் முழுவதையும் பதித்துச் சின்ன எட்டாக வையுங்கள். அருவிக்கு மேலே தடுப்பணை வரை நீளும் பாறைப்பரப்பு படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும், அங்கே இறங்க வேண்டாம். தடுப்பணைக்கு மேலே படகுச் சவாரி உண்டு. உயிர்காப்பு உடை பிள்ளையின் அளவுக்கு இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

குளித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, சற்று முன் தெரிந்த பாறை மறைந்தாலோ உடனே வெளியேறுங்கள். விசில் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

மதியம் வாழையிலையில் கட்டிய சோறு, தேங்காய் சம்மந்தி (துவையல்), அவித்த முட்டை. தயிர்ச்சோறு வெயிலில் நின்ற காரில் புளித்துவிடும். தின்ற பிறகு ஒரு மணி நேரமாவது அருவிக்கு விடாதீர்கள்.

மூன்று மணிக்கு மேல், ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கடத்தும் மாத்தூர் தொட்டிப்பாலம். 28 தூண்கள், அதிக உயரம் 115 அடி; அடியில் ஓடுவது காலையில் சொன்ன அதே பரளியாறு. நடைபாதை குறுகலானது, சின்னவர்களின் கையை விடக் கூடாது. ஆற்றுக்கு இறங்கும் படிகள் பாட்டிக்கு வேண்டாம், ஏறி வருவதுதான் கஷ்டம்.

அருவியில் தடை என்று பாதி வழியில் தெரிந்தால் தக்கலையிலேயே பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திருப்பிவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

வீடு வந்ததும் ஈரத்துணிப் பையை டிக்கியிலிருந்து எடுங்கள். மறந்தால் இரண்டு நாளில் கார் முழுக்க வீச்சமடிக்கும்.